‘ஜிசிஎஸ்இ இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டதால் வந்தது: லண்டன் பராமரிப்புப் பணியாளர் ஒருவரின் ஆங்கில, கணிதத் தகுதி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வரும் பெண்மணி 2023 ஒக்டோபரில், தம் 46ஆவது வயதில், வடமேற்கு லண்டனில் உள்ள ஒரு கெயார் ஹோமில் வேலை பார்த்துக்கொண்டே அப்ரண்டிஸ்ஷிப் என்னும், வேலையோடு சேர்ந்த மூன்றாம் நிலைத் தொழிற்பயிற்சியில் சேர்ந்தார். யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் பிறந்து, 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் குடும்பத்தோடு தென்மராட்சிக்குப் போய், பல ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்துக்கு வந்து குடியுரிமை பெற்றவர். முதியோரைப் பராமரிப்பதில் அவருக்கு இருந்த அனுபவத்தை அந்த இல்லத்தில் எல்லோரும் அறிந்திருந்தனர். அவரை மூத்த பணியாளராக உயர்த்த வேண்டும் என்று மேலாளர் விரும்பியதால்தான் இந்தப் பயிற்சியே தொடங்கியது. நான் அந்தப் பயிற்சியை நடத்திய நிறுவனத்தில் ஆங்கிலமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியையாக இருந்தேன். அவருடைய ஒப்புதலுடன் இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

இங்கிலாந்தில் மூன்றாம் நிலை அப்ரண்டிஸ்ஷிப்பை முடிக்க அப்போது ஆங்கிலத்திலும் கணிதத்திலும் லெவல் 2 தகுதி கட்டாயமாக இருந்தது. அது இல்லாதவர் இறுதி மதிப்பீட்டுக்கு முன் வரும் ‘கேட்வே’ என்னும் கட்டத்தைத் தாண்ட முடியாது. வேலையில் எவ்வளவு திறமை இருந்தாலும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். இங்குள்ள பள்ளி மாணவர்கள் வழக்கமாக 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையில் தரம் 4 அல்லது அதற்கு மேல் பெற்றவருக்கு இந்தத் தேவை ஏற்கெனவே நிறைவேறிவிடுகிறது. மற்றவர்கள் பெரும்பாலும் ‘ஃபங்ஷனல் ஸ்கில்ஸ்’ என்னும் அடிப்படைத் திறன் பரீட்சையை எழுதுகிறார்கள். என்ட்ரி 1, 2, 3, லெவல் 1, லெவல் 2 என ஐந்து படிகள் கொண்ட அந்தத் தகுதி 2019 செப்டெம்பரில் இப்போதைய வடிவத்துக்கு மாற்றப்பட்டது. அதில் ஆங்கிலம் பேச்சும் கேட்டலும், வாசிப்பு, எழுத்து என மூன்று பகுதிகளாக உள்ளது. மூன்றிலும் தனித்தனியே தேற வேண்டும், ஒன்றில் கூடுதலாகப் பெற்ற புள்ளி இன்னொன்றின் குறையை ஈடுசெய்யாது. கணிதத்தில் நான்கில் ஒரு பங்கு புள்ளிகள் கல்குலேட்டர் இல்லாமல் செய்யும் பகுதிக்கும், மீதி அதைப் பயன்படுத்தும் பகுதிக்கும் உரியவை.

சேர்க்கையின்போது நிறுவனத்தின் படிவத்தில் இருந்த கேள்வி, ‘உங்களிடம் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஜிசிஎஸ்இ இருக்கிறதா?’ என்பது. அவர் ‘இல்லை’ என்று எழுதினார். அது உண்மையான பதில். அந்தப் பதிலின் அடிப்படையில், இரண்டு பாடங்களுக்கும் அவரைப் பதிவு செய்துவிட்டார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வகுப்பில் கவனித்தவை

2024 பெப்ரவரியில் அவருடைய வகுப்பு என் பொறுப்புக்கு வந்தபோது, அவர் கணிதப் பரீட்சையை ஒரு முறை எழுதித் தவறியிருந்தார். மே மாதத்தில் மறுபடியும் தவறினார். கணிதமே வராதவரின் விடைத்தாளைப் போல அவருடைய பயிற்சித் தாள்கள் இருக்கவில்லை. அதுதான் என்னை முதலில் யோசிக்க வைத்தது.

ஒரு நாள் நடந்ததை அப்படியே சொல்கிறேன். கிருமிநாசினி ஒரு பங்குக்குத் தண்ணீர் 20 பங்கு என்ற விகிதத்தில் 8.4 லிட்டர் கலவை தேவைப்படுகிறது, கிருமிநாசினி 250 மில்லிலிட்டர் போத்தல்களில் விற்கப்படுகிறது, எத்தனை போத்தல் வாங்க வேண்டும் என்பது கேள்வி. அவர் உதடு அசைய, தமிழில் வாய்ப்பாடு சொல்லி, 8.4ஐ 21ஆல் வகுத்து, ‘400 மி.லி.’ என்று எழுதி அடிக்கோடு போட்டார். விகிதக் கணக்கில் பலர் 20ஆல் வகுத்துத் தவறுவார்கள்; அவர் அந்த இடத்தில் தடுமாறவே இல்லை. ஆனால் கேட்டது போத்தல்களின் எண்ணிக்கை. கேள்வியின் கடைசி வரியை அவர் வாசித்துச் சேரவில்லை.

அவர் வாசிக்கும் முறையும் என் கண்ணில் பட்டது. மேசையில் எப்போதும் ஒரு பழைய கடித உறை இருக்கும். அதன் விளிம்பை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே போவார். கணினித் திரையில் பரீட்சை எழுதும்போது அந்த உறையை வைக்க இடமில்லை. எழுத்துப் பயிற்சியில், தெருவிளக்கு எரியாதது பற்றி மாநகர சபைக்கு மின்னஞ்சல் எழுதச் சொன்னால், 25 நிமிடத்தில் மூன்று வாக்கியம் எழுதியிருப்பார். அந்த மூன்றும் நன்றாக இருக்கும். பேச்சுப் பகுதியிலோ மார்ச் மாதத்திலேயே முதல் முயற்சியில் தேறிவிட்டார். மறதி நோய் உள்ள ஒருவருக்கு இரவு நேரத்தில் எப்படி அமைதி தருவது என்று அவர் நிகழ்த்திய உரையை வகுப்பே எழுதிக்கொண்டது. ஆனால் வாசிப்பில் மே மாதமும் எழுத்தில் ஜூன் மாதமும் தவறினார்.

இவ்வளவும் கண்ட பிறகே நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “அக்கா, நீங்கள் ஊரில ஓ/எல் எடுத்தனீங்களா?” என்று இலங்கையின் சாதாரண தரப் பரீட்சையைப் பற்றிக் கேட்டேன். “எடுத்தனான் ரீச்சர். 93ஆம் ஆண்டு. கணக்குக்கு சி, இங்கிலீஷுக்கு எஸ். அது இங்க செல்லாது எண்டுதான் நினைச்சிருந்தன்” என்றார். ஒருவரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை. அதற்குள் எட்டு மாதம் கடந்திருந்தது.

முதல் முடிவு: பழைய பெறுபேற்றைத் தேடுவது

வெளிநாட்டுத் தகுதியையும் அப்ரண்டிஸ்ஷிப் விதிகள் ஏற்கின்றன. ஆனால் வாய்மொழியாகச் சொன்னால் போதாது. சான்றிதழும், அது இங்குள்ள எந்தத் தரத்துக்கு நிகர் என்று ‘யூகே எனிக்’ அமைப்பு தரும் ஒப்பீட்டு அறிக்கையும் வேண்டும். அந்தக் காலத்துச் சாதாரண தரப் பெறுபேறுகளில் டி என்பது அதிதிறமை, சி என்பது திறமை, எஸ் என்பது சாதாரண சித்தி. கணிதத்தில் அவர் பெற்ற திறமைச் சித்தி ஜிசிஎஸ்இ தரம் 4க்குக் குறையாததாக ஏற்கப்பட வாய்ப்பு உண்டு என்றும், ஆங்கிலத்தில் பெற்ற எஸ் உதவாது என்றும் கணித்தோம்.

கணித வகுப்பையும் தொடர்ந்துகொண்டே சான்றிதழைத் தேடுவதா, வகுப்பை நிறுத்துவதா என்பது அடுத்த கேள்வி. நான் நிறுத்தச் சொன்னேன். வேலை நேரத்திலிருந்து அவருக்குக் கிடைத்த படிப்பு நேரம் குறைவு. அதை ஏற்கெனவே கைவசம் உள்ள தகுதிக்காகச் செலவிடுவது, உண்மையில் தேவைப்படும் ஆங்கிலத்திலிருந்து அதைப் பறிப்பதாகும். அறிக்கை நமக்குப் பாதகமாக வந்தால் மூன்று மாதம் வீணாகும் என்ற அபாயம் இருந்தது. அதை அவரிடமும் மேலாளரிடமும் சொல்லியே இந்த முடிவை எடுத்தோம்.

மூலச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பத்தரமுல்லை, பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்துக்கு நேரில் போய்ப் பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதியை வாங்கி அனுப்பினார். சுட்டெண் அவருக்கு நினைவில்லை. பாடசாலையின் பெயரையும் ஆண்டையும் வைத்துத் தேடினார்கள். பிரதி வந்த நாளில் அவர் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுக்காமலே எனக்குக் காட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தம் பெயரைத் தட்டச்சில் பார்த்துவிட்டு அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. 2024 ஓகஸ்டில் ஒப்பீட்டு அறிக்கை சாதகமாக வந்தது. செப்டெம்பரில் கணிதத் தேவை நிறைவேறியதாகப் பதிவானது. இதை அதிகாரிகள் ‘விலக்கு’ என்று எழுதினாலும், அவர் 1993இலேயே உழைத்துப் பெற்ற தகுதிக்குக் கிடைத்த காலந்தாழ்ந்த அங்கீகாரம் என்றே நான் இதைக் கருதுகிறேன்.

இரண்டாவது முடிவு: சலுகையா, தரக் குறைப்பா?

ஆங்கிலத்தில் நிலைமை இவ்வளவு எளிதாக இருக்கவில்லை. வாசிப்பு மந்தமாக இருப்பதற்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பதே காரணமா, அல்லது கற்றல் குறைபாடு ஒன்று இதுவரை கண்டறியப்படாமல் இருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு விதிகளின்படி மிக முக்கியமானது: ஆங்கிலம் தாய்மொழி அல்ல என்பதற்காக மட்டும் பரீட்சையில் 25 சதவீதக் கூடுதல் நேரம் தரப்படுவதில்லை, குறைபாடு உள்ளவருக்கோ 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டியது கட்டாயம்.

இந்த இடத்தில் என் தாய்மொழி பயன்பட்டது. ஒரு தமிழ் நாளிதழின் பத்தி ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அந்தக் கடித உறை அங்கேயும் வந்தது. வரி தவறியது, ஒரே சொல்லை இரண்டு முறை வாசித்தார், பத்தியின் பொருளைக் கேட்டபோது மட்டும் தெளிவாகச் சொன்னார். பள்ளியில் கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் அழித்துவிடுவார்கள் என்றும், அதற்காக அடி வாங்கியிருக்கிறார் என்றும் அப்போது சொன்னார். இது நோயறிதல் ஆகாது. ஆனால் தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் அனுப்பப் போதுமான காரணம் ஆகும். 2024 ஒக்டோபரில் மதிப்பீடு நடந்தது. வாசிப்பு வேகமும் எழுத்து வேகமும் இரண்டாம் மொழியால் மட்டும் விளக்க முடியாத அளவுக்குக் குறைவு, வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் டிஸ்லெக்ஸியா இருப்பதற்கான தெளிவான அடையாளங்கள் உள்ளன என்று அறிக்கை வந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கக்கூடிய வழிகள் இரண்டு இருந்தன. கற்றல் குறைபாடு உள்ள அப்ரண்டிஸ்களுக்குக் குறைந்தபட்சத் தேவையை லெவல் 2இலிருந்து என்ட்ரி 3க்கு இறக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த போல் மேனார்ட் தலைமையில் 2016இல் அமைந்த பணிக்குழுவின் பரிந்துரையிலிருந்து வந்தது அது. அந்த வழியை நிறுவனத்தில் சிலர் உடனே பரிந்துரைத்தார்கள். நான் உடன்படவில்லை. நியாயமான மாற்றங்கள் செய்து கொடுத்த பிறகும் உரிய நிலையை எட்ட முடியாதவருக்காக வைக்கப்பட்ட ஏற்பாடு அது. இவருக்கு அந்த மாற்றங்கள் ஒருமுறைகூடச் செய்து தரப்படவில்லை. முயன்று பார்க்காமலேயே ‘உங்களால் முடியாது’ என்று சான்று எழுதுவது அவருக்குச் செய்யும் அநியாயம் என்று கூட்டத்தில் சொன்னேன். அவரிடம் இரண்டு வழிகளையும் விளக்கியபோது, “நேரம் தந்தால் நான் செய்வன் ரீச்சர்” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எனவே கூடுதல் நேரத்துக்கும், வாசிப்புத் தாளில் கணினி வாசிப்பு மென்பொருளுக்கும், திரையில் வரியை மட்டும் காட்டும் கருவிக்கும் விண்ணப்பித்தோம். வாசிப்புத் தாளை மனிதர் ஒருவர் வாசித்துக் காட்டினால் அது சுயமாக வாசித்ததாகக் கொள்ளப்படாது என்பதால் அனுமதி இல்லை. கணினிக் குரலுக்கு அனுமதி உண்டு. இந்த வேறுபாடு பல ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. எழுத்துத் தாளில் அகராதியும் எழுத்துப்பிழை திருத்தும் வசதியும் எவருக்கும் இயல்பாகக் கிடையாது. பிறர் எழுதித் தரும் உதவியை நாங்கள் கேட்கவில்லை. வாக்கியம் அமைக்க அவருக்குத் தெரியும், எழுதியதைத் திரும்ப வாசிக்கத்தான் நேரம் போதவில்லை. சலுகை எதுவானாலும் பரீட்சை நாளில் முதன்முதலாகத் தந்தால் பயன்படாது என்பதால், ஆறு வாரம் வகுப்பில் ஹெட்ஃபோனோடு பழகினார். டிசெம்பரில் வாசிப்பில் தேறினார். 2025 ஜனவரியில் எழுத்துத் தாளில் மீண்டும் தவறினார். ஆனால் இந்த முறை தாளை முழுவதுமாக எழுதி முடித்திருந்தார்.

2025 பெப்ரவரி 11

அன்றைய தினம் இங்கிலாந்து அரசு விதியை மாற்றியது. அப்ரண்டிஸ்ஷிப் தொடங்கும்போது 19 வயது நிறைந்தவர்கள் ஆங்கில, கணிதத் தகுதி பெறுவது இனிக் கட்டாயம் இல்லை. அதைப் படிப்பதா வேண்டாமா என்பதை அப்ரண்டிஸும் வேலை தருபவரும் சேர்ந்து முடிவு செய்யலாம். ஏற்கெனவே பயிற்சியில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 16 முதல் 18 வயதுக்குள் தொடங்கியவர்களுக்குப் பழைய கட்டாயம் தொடர்ந்தது.

இரண்டே நாளில் எங்கள் நிறுவனத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி அழைப்பு போனது. ‘இனி ஆங்கிலம் தேவையில்லை, படிவத்தை அனுப்புகிறோம், கையெழுத்திடுங்கள்’ என்பதே செய்தியாக இருந்தது. அவர் கையெழுத்திடாமல் எனக்கு அழைத்தார். அது அவருடைய நிதானம். எங்கள் நடைமுறையின் சிறப்பு அல்ல. கட்டாயம் நீங்கியது எனக்கும் நிம்மதியாகவே இருந்தது. ஆனால் விலகுவதால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று ஒருவருக்குச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மேலாளரையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினோம். விலகினால் கேட்வே உடனே திறக்கும். மூத்த பணியாளர் பதவி தள்ளிப்போகாது. அதே நேரத்தில், ஆங்கில, கணித வகுப்பு வேலை நேரத்துக்குள் நடக்க வேண்டும் என்பது விதி. விலகியதும் அந்தச் சம்பளத்தோடு கூடிய படிப்பு நேரம் போய்விடும். அடுத்ததாக, அவருடைய மனதில் இருந்தது நர்சிங் அசோசியேட் பயிற்சி; பராமரிப்புப் பணியாளருக்கும் தாதிக்கும் இடைப்பட்ட பதவி அது. அதற்குத் தாதியர், மருத்துவமாதர் சபையின் தரநிலைகள் லெவல் 2 ஆங்கிலமும் கணிதமும் கேட்கின்றன. அப்ரண்டிஸ்ஷிப்பிலிருந்து பெறும் விலக்கு அங்கே கணக்கில் வராது. நிறுவனத்தின் அழைப்பில் இவை எதுவும் சொல்லப்படவில்லை.

மூன்றில் இரண்டு பகுதியில் தேறியிருக்கும் நிலையில் எழுத்தை விட்டுவிட அவருக்கு மனமில்லை. பதவி உயர்வைத் தள்ளிப்போட வீட்டுச் செலவு இடம் கொடுக்கவில்லை. எனவே அப்ரண்டிஸ்ஷிப்பில் விலக்கைப் பயன்படுத்துவது, எழுத்துப் பகுதியை வெளியே மாலை வகுப்பில் முடிப்பது என்று அவர் தீர்மானித்தார். லெவல் 2 இல்லாத 19 வயதுக்கு மேற்பட்டோருக்கு இந்தப் பாடங்கள் இலவசம் என்பதால் கட்டணம் தடையாகவில்லை. நான் அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் இதையே செய்திருப்பேன்.

அதன் பின் நடந்தவை

வீட்டுக்கு அருகிலிருந்த கல்லூரியில் சேரப் போனபோது எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. அந்தக் கல்லூரி வேறொரு பரீட்சை அமைப்பைப் பயன்படுத்தியது. எங்களிடம் தேறிய பேச்சையும் வாசிப்பையும் அவர்கள் ஏற்கவில்லை. அங்கே சேர்ந்தால் மூன்று பகுதியையும் முதலிலிருந்து எழுத வேண்டும். விசாரித்த இரண்டாவது கல்லூரியும் அதையே சொன்னது. கடைசியில், எங்களுடைய அதே பரீட்சை அமைப்பைப் பயன்படுத்தும் மூன்றாவது கல்லூரி ஒன்று கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வேலை முடிந்து வாரத்தில் ஒரு மாலை அவர் அங்கே போய்வந்தார். மதிப்பீட்டாளரின் அறிக்கைப் பிரதியை நான் முன்கூட்டியே கொடுத்திருந்ததால், கூடுதல் நேரத்துக்கான ஏற்பாட்டை அங்கே மறுபடியும் தொடக்கத்திலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

2025 மே மாதம் இறுதி மதிப்பீட்டில் தேறினார். தொழில்முறை உரையாடலில் அவருக்குக் கிடைத்த பாராட்டை மேலாளர் எனக்கு வாசித்துக் காட்டினார். மூத்த பணியாளர் பதவி அதே மாதம் கிடைத்தது. எழுத்துத் தாளில் ஜூலையில் தேறினார். நர்சிங் அசோசியேட் பயிற்சிக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. தாயாரின் உடல்நிலை காரணமாக ஓராண்டு பொறுக்க வேண்டும் என்கிறார். ஆங்கிலம், கணிதம் இரண்டின் சான்றுகளும் இப்போது அதே பிளாஸ்டிக் உறைக்குள் உள்ளன.

இப்போது வேறு விதமாகச் செய்வன

சேர்க்கைப் படிவத்தின் கேள்வியை மாற்றும்படி எழுத்தில் கேட்டேன், மாற்றினார்கள். இப்போது அது ‘எந்த நாட்டிலாவது, எந்த மொழியிலாவது, பத்தாம் அல்லது பதினோராம் ஆண்டு இறுதியில் பரீட்சை எழுதியிருக்கிறீர்களா? பாடவாரியாக என்ன கிடைத்தது?’ என்று கேட்கிறது. சான்றிதழ் கையில் இல்லாவிட்டாலும் விடை எழுதலாம் என்று அதன் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம். இலங்கையின் சாதாரண தரமோ தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்போ முடித்த எத்தனையோ பேர், அது இங்கே ‘செல்லாது’ என்று தாமாகவே முடிவுசெய்துவிட்டு இந்த வகுப்புகளில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதே என் கவலை. செல்லுமா செல்லாதா என்று முடிவு சொல்ல வேண்டியது ஒப்பீட்டு அறிக்கை.

ஒரு பரீட்சையில் இரண்டாம் முறை தவறுபவரின் விடைத்தாளை, அடுத்த பதிவுக்கு முன் ஆசிரியர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற நடைமுறையையும் கொண்டுவந்தோம். அவர் கணிதத்தில் முதல் முறை தவறியபோதே யாராவது அப்படிப் பார்த்திருந்தால், ‘400 மி.லி.’ போன்ற விடைகள் அன்றே கண்ணில் பட்டிருக்கும். என் பங்கிலும் தவறு உண்டு: பெப்ரவரியில் வகுப்பை ஏற்ற நான் பழைய பெறுபேறு பற்றி ஜூன் மாதத்தில்தான் கேட்டேன். அந்த நான்கு மாதத்துக்கு நானே பொறுப்பு.

விலகல் படிவத்தைத் தொலைபேசியில் விளக்கிக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நிறுத்தப்பட்டிருக்கிறது. நேரில், மேலாளரோடு, அடுத்து எந்தப் படிப்புக்குப் போக நினைக்கிறார் என்று கேட்ட பிறகே அது நடக்கிறது. பகுதித் தேர்ச்சி பெற்ற ஒருவர் விலகினால், அதே பரீட்சை அமைப்பைப் பயன்படுத்தும் மாலை வகுப்பு எங்கே இருக்கிறது என்பதை எழுதிக் கொடுக்கிறோம்.

இதே கெயார் ஹோமில் 18 வயதில் பயிற்சி தொடங்கிய இளைஞர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு விலகும் உரிமை இல்லை. விதி பார்ப்பது தொடங்கிய நாளின் வயதை, இன்றைய வயதை அல்ல. இம்முறை மதிப்பீட்டாளரை முதல் பரீட்சைக்கு முன்பே கேட்டிருக்கிறோம். அவருடைய மேசையில் கடித உறை எதுவும் இல்லை. விரலை வைத்து வாசிக்கிறார்.